சுருட்டின் முன்பக்கம்

அத்தை எதையும் கனம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பதிந்து தோல் சிவந்திருக்கும். இறக்கி வைத்துவிட்டு "லேசுதான்" என்பார். மார்கழிப் பனியில் உதடு நீலம் பாரித்திருக்கும். லேசாகக் குளிருகிறது என்பார். பங்களாச் சமையலறையில் கொதிநீர் கொட்டி முழங்கை வரை தோல் உரிந்த அன்று, வாழையிலையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், லேசாகச் சுட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு மற்றக் கையால் அரிசி களைந்தார். அந்தப் புண் ஒரு மழைக்காலம் முழுவதும் ஆறவில்லை.

அந்தச் சொல்லை நான் மறந்துதான் போயிருந்தேன். போன மாதம் பதுளை ஆஸ்பத்திரியில், மூக்கில் ஒட்சிசன் குழாயோடு படுத்திருந்த என் மகள் அதைச் சொன்னாள்.

"லேசானதுதாம்ப்பா. மாம்பழ வாசம் வரும், அவ்வளவுதான்."

அவள் எல்ல என்கிற சுற்றுலா ஊரில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். அவளுடைய பையிலும் மேசையிலும் பேனா போன்ற ஒரு பொருளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஏதோ ஒன்று என்று நினைத்தேன். நான் ஓர் ஆசிரியன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பைகளைச் சோதிக்கிற ஆசிரியர்களில் ஒருவன். டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களில் பஞ்சு பஞ்சாக வெள்ளை. அது போன் சார்ஜர் இல்லை, வேப் என்கிற மின்சிகரெட், அதை இனித் தொடவே கூடாது என்றார். வெளியே வந்து ஆஸ்பத்திரி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குவைத்தில் வேலை செய்யும் என் மனைவி அந்த நேரம் பார்த்து போன் எடுத்தாள். பிள்ளைக்கு லேசான காய்ச்சல் என்று சொன்னேன்.

அன்றிலிருந்து அத்தை என் தலைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார். பாடம் நடத்தும்போது இருக்கிறார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருக்கிறார். அவரை எழுதி வெளியே அனுப்பினால்தான் எனக்கு மூச்சு வரும்போல் இருக்கிறது.

அவர் என் அப்பாவின் தங்கை. கணவர் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒரு குடும்பத்தை ஏற்படுத்திக்கொண்டார். பிள்ளை இல்லை. எனக்கு மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நியமனம் கிடைத்தபோது, பதுளையிலிருந்து தினம் போய்வர அந்தப் பாதையில் முடியவில்லை. மனைவியையும் கைக்குழந்தையையும் பதுளையில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, வாரநாட்களில் அதே தோட்டத்தில் அத்தையின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், தங்கினேன். ஓர் அறை, முன்னால் ஒரு சின்ன விறாந்தை, பின்னால் சமையற்கட்டு. அறையின் நடுவில் சேலையைக் கட்டி எனக்கென்று ஒரு பாதியை ஒதுக்கிக் கொடுத்தார். சேலை பார்வையை மறைத்தது. புகையை மறைக்கவில்லை.

அத்தை சுருட்டுக் குடிப்பார். அந்த லயத்தில் வயதான பெண்கள் சிலர் மறைவாகக் குடிப்பதுண்டு. அத்தைக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது, ஒளிவுமறைவும் கிடையாது. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பற்றவைப்பார். வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஒருநாள் எல்லோர் முன்னாலும் பொம்பளையா நீ என்று கேட்டிருக்கிறார். அத்தை புகையை மெதுவாக விட்டுவிட்டு, "ஒங்க வாயில வர்றதுக்கு இது வாசமாத்தான் இருக்கு கங்காணி" என்றாராம். மலை முழுக்கச் சிரித்ததாக அத்தையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகு கங்காணி அவர் கொழுந்து பறிக்கும் நிரைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார்.

தோட்டத்துக் கடையில் இரண்டு தினுசு யாழ்ப்பாணச் சுருட்டு வரும். ஒன்று இளம் பழுப்பில், மெலிதாக இருக்கும். மற்றது கரிக்கட்டை மாதிரி கறுத்து, ஒரு இழுப்பில் கண்ணில் நீர் வரவைக்கும். மெலிந்ததை அத்தை தொடமாட்டார். அது கல்யாண வீட்டில் தட்டில் வைத்து நீட்டுகிற சுருட்டு, குடிக்கத் தெரியாதவர்கள் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதற்காகச் செய்தது என்பார். கறுத்ததை இழுத்துவிட்டு, இருமலுக்கு நடுவே, இதுவும் லேசுதான் என்பார்.

எங்கள் பக்கம் சுருட்டை வாங்கி அப்படியே வைக்க முடியாது. மூடுபனி கதவு இடுக்கால் உள்ளே வந்து துணி, அரிசி, தீக்குச்சி எல்லாவற்றையும் ஈரமாக்கிவிடும். சுருட்டில் பூஞ்சணம் பூத்துப்போகும். அதனால் அடுப்புக்கு மேலே ஒரு பலகை அடித்து, சுருட்டைத் தாளில் சுற்றி அதன்மேல் வைத்திருப்பார்கள். உலர உலரக் காரம் கூடும். சுருட்டுக் குடிக்கிற எல்லா வீட்டிலும் அந்தப் பலகை உண்டு. அத்தையின் வாழ்க்கை திரும்பியது அந்தப் பலகையால்தான்.

நான் போன இரண்டாம் வருடம், பழைய துரை பங்களாவை ஒரு கம்பனிக்காரர்கள் எடுத்து, வெளிநாட்டு விருந்தினர் தங்குகிற இடமாக மாற்றினார்கள். அறை துடைக்க ஆள் தேடினார்கள். அத்தை கூடையைப் போட்டுவிட்டுப் போனார். வெயிலும் அட்டையும் இல்லாத வேலை. "லேசான வேலை மருமகனே. தூசி தட்டுறதுக்குச் சம்பளம் குடுக்குறாய்ங்க" என்று சந்தோஷமாகச் சொன்னது நினைவிருக்கிறது.

அங்கே நீண்டநாள் தங்க வந்த ஒரு வயதான வெள்ளைக்காரர், கடற்கரைப் பக்கம் ஒரு வாரம் போய்வரப் புறப்பட்டபோது, ஒரு மரப்பெட்டியை அத்தையிடம் கொடுத்து, பத்திரம் என்று சைகையில் சொல்லியிருக்கிறார். அத்தை திறந்து பார்த்தார். உள்ளே வரிசையாகப் பெரிய பெரிய சுருட்டுகள், ஒவ்வொன்றுக்கும் மோதிரம் மாதிரி ஒரு காகிதப் பட்டை. மூலையில் ஒரு பஞ்சு, தண்ணீர் சொட்டச் சொட்ட. ஐயோ, பனி உள்ளே போய்விட்டது என்று அத்தை பதறிப்போனார். பஞ்சைப் பிழிந்து வெயிலில் போட்டார். பெட்டியைப் பங்களாச் சமையலறைக்குக் கொண்டுபோய், அடுப்புக்கு மேலே, மூடியைத் திறந்து வைத்தார். அந்த வாரம் முழுவதும் ஒரு நாளைக்கு இருமுறை போய் புரட்டிவிட்டிருக்கிறார்.

வெள்ளைக்காரர் திரும்பி வந்து ஒன்றை எடுத்தபோது மேல் இலை சருகாக நொறுங்கிக் கையோடு வந்தது. அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாராம். கத்தவில்லையாம். மேனேஜர்தான் மொழிபெயர்த்தார்: இது கியூபா நாட்டுச் சுருட்டு, ஈரம் குறையாமல் வைத்திருந்தால்தான் உயிரோடு இருக்கும், அந்தப் பஞ்சு அதற்காகத்தான் வைத்தது. அத்தை அழுதிருக்கிறார். அதைப் பார்த்து அந்த மனிதருக்கு மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் நீயே எடுத்துக்கொள் என்று பெட்டியோடு கொடுத்துவிட்டார்.

அன்று மாலை அத்தை பெட்டியை என் முன்னால் வைத்து, கியூபா எங்கே இருக்கிறது என்று கேட்டார். பள்ளிக்கூடத்து உலகப்படத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து காட்டினேன். சின்ன விரலால் அதைச் சுற்றியிருந்த நீலத்தைத் தடவினார்.

"இம்புட்டுத் தண்ணிக்கு நடுவுலயா கெடக்கு? அதான் ஈரம் கேக்குது."

பிறகு ஒன்றைப் பற்றவைத்தார். நொறுங்கின மேல் இலையை எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டார். எனக்குச் சுருட்டு வாசம் பிடிக்காது. ஆனால் அந்த வாசம் சேலைக்கு இந்தப் பக்கம் வந்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். வறுத்த காப்பிக்கொட்டை, மழையில் நனைந்த பலகை, தூரத்தில் எங்கோ கறுவாப்பட்டை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தொடக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை, போகப் போகத்தான் பேசுகிறது என்றார். காய்ந்து போனதால் அது வேகமாகவும் சூடாகவும் எரிந்தது. கடைசி விரல்கட்டை அளவுக்கு வரும்போது அத்தையின் நெற்றி வியர்த்திருந்தது. விரல் சுடும்வரை விடவில்லை.

பெட்டி தீர்ந்ததும் கடைச் சுருட்டுக்குத் திரும்பினார். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வெளியே போய் உமிழ்ந்தார். அடுத்த நாளும் அப்படியே. பிறகு ஒரு மாலை, பங்களாவிலிருந்து வந்தவருடைய முந்தானை முடிச்சில் ஒரு கட்டை இருந்தது. விருந்தினர் சாம்பல் கிண்ணத்தில் நசுக்கிவிட்டுப் போன மிச்சம். அதைக் கழுவாத கையோடு பற்றவைத்தபோது அவருடைய தோள் இறங்குவதைப் பார்த்தேன்.

"எச்சில் இல்லையா அத்தை?" என்றேன்.

"நெருப்புல போனதுக்கு ஏது எச்சிலு?"

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அத்தை உலகத்தைப் படித்தது அந்தச் சாம்பல் கிண்ணத்தில்தான். யார் வந்திருக்கிறார்கள், என்ன மாதிரி ஆட்கள் என்று கட்டையைப் பார்த்துச் சொல்வார். ஆரம்பத்தில் வந்தவர்கள் வயதானவர்கள். நீளமான, கறுத்த, காரமான கியூபாச் சுருட்டுக் குடித்துவிட்டு விரலளவு மிச்சம் வைப்பார்கள். அவர்களை "நம்மாளுக" என்பார். பிறகு வந்தவர்கள் வெளிர்நிறத்தில், காரம் குறைந்ததைக் கேட்கத் தொடங்கினார்கள். தலைவலிக்காமல் இருக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு ஒல்லியான, வனிலா வாசம் போட்ட, நுனியில் இனிப்புத் தடவியவை வந்தன. அவை கியூபாவும் இல்லை, வேறெதுவும் இல்லை. மிட்டாய்க் கடையைக் கொளுத்தின மாதிரி இருக்கிறது என்று திட்டிக்கொண்டே அதையும் குடித்தார். பின்னர் கொழும்பிலிருந்து பணக்கார இளைஞர்கள் வந்தார்கள். அவர்களுக்கு மறுபடி காரம் வேண்டும். குட்டையாக, பெருவிரலைவிடத் தடிமனாக. போட்டோ எடுத்துக்கொண்டு பாதியில் அணைத்துவிடுவார்கள். அந்த நாட்கள் அத்தைக்குத் திருவிழா.

யாருக்கு எப்போது எந்த ருசி பிடிக்குமோ அன்றைக்கு அத்தைக்கும் அந்த ருசி. ஆனால் எல்லாச் சுருட்டிலும் ஒன்று பொதுவாக இருந்தது. அவர் கைக்கு வருவது எப்போதும் பின்பக்கம். முன்பக்கம் எப்படி இருக்கும் என்று அந்தப் பெட்டியோடு மறந்துவிட்டார்.

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. என்னைக் கண்டால் வாங்க சேர் என்று எழுந்து நிற்பார். கட்டைகள் காணாமல் போவதைக் கவனித்தவர் அத்தையைத் திட்டவில்லை. ஒரு பால்மா டின்னைத் தன்னுடைய ஒபிஸ் அலுமாரியில் வைத்து, எல்லா அறைக் கட்டைகளையும் அதில் போடச் சொன்னார். வேலை முடிந்ததும் அத்தைக்கு ஒன்றோ இரண்டோ எடுத்துக் கொடுப்பார். அலுமாரிச் சாவி அவருடைய பொக்கெட்டில்.

ஒருநாள் மழைக்குக் குடை கொண்டுபோனபோது அதைப் பார்த்தேன். அத்தை ஒபிஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேலை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஈரமில்லாத கைகளை முந்தானையில் துடைத்துத் துடைத்து நின்றார். தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அலுமாரியை மட்டும் பார்க்கவில்லை. மேனேஜர் ஏதோ எழுதிக்கொண்டே, ஸ்டோர் ரூமை இன்னும் ஒருவரும் கூட்டவில்லை என்று சிரித்த முகத்தோடு சொன்னார். அத்தை போய் கூட்டிவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் நின்றார். கங்காணியின் வாயை மூட வைத்த மனுஷி. நான் குடையை விரிக்காமலே நனைந்துகொண்டு திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையும் போகத் தொடங்கினார். தீபாவளிக்குப் போனார். இது எதற்கு அத்தை என்று கேட்டதற்கு, லேசான வேலைதானே, சும்மா இருந்தால் உடம்பு கெட்டுப்போகும் என்றார். நினைத்த நேரத்தில் விட்டுவிடலாம் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குப் பதுளைக்கு மாற்றம் கிடைத்தது. அப்போது மனைவி வெளிநாட்டுக்குப் போகக் கடவுச்சீட்டுக்குக் கொடுத்திருந்தாள். மகளைப் பார்க்க ஆள் வேண்டும். அத்தையைக் கூப்பிட்டேன். அவருக்கு என் மகள் மேல் உயிர். மகள் அவரைச் சுருட்டு அப்பாயி என்று கூப்பிடுவாள். அந்தப் பெயரைக் கேட்க அத்தை காசு கொடுப்பார். உடனே சம்மதித்தார். துணிகளை ஒரு பையில் கட்டிக்கொண்டு, லயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்.

இரண்டு வாரம் இருந்தார். மகளுக்குத் தலை பின்னிவிட்டார், தோசை வார்த்தார், நேர்சரிக்கு நடத்திக் கூட்டிப்போனார். திரும்பி வரும் வழியில் பதுளைக் கடைவீதியில் ஒரு சுருட்டுக்கடை விடாமல் ஏறி இறங்கினார் என்பது மகள் சொல்லித்தான் தெரியும். கறுத்தது, மெலிந்தது, கருப்பட்டி வாசம் போட்டது, எல்லாம் ஒவ்வொன்று வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு இழுப்பு இழுத்து, சாக்கடையில் போட்டிருக்கிறார். கை நடுங்கத் தொடங்கியது. ஒருநாள் மகளின் பாலைக் கொட்டிவிட்டார். அடுத்த நாள் காலையில் பையோடு நின்றார்.

"தேயிலை வாசம் இல்லாம தூக்கம் வரல மருமகனே. கோவிச்சுக்காதீங்க."

நான் நம்பினேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் மகள் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தையும் அழுதார். அழுதுகொண்டே பஸ்ஸில் ஏறினார்.

பிறகு சில வருடங்களில் அந்தப் பங்களாவுக்கு வந்தவர்களின் ருசி கடைசி முறையாக மாறியது. வேப் வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர், கொழும்புக்காரர், எல்லோர் கழுத்திலும் கையிலும் அந்தச் சின்னக் குழாய். மாம்பழம், புதினா, முலாம்பழம். புகை மாதிரி ஏதோ வரும், வந்த வேகத்தில் மறையும். சாம்பல் கிண்ணம் கழுவி வைத்தபடி அப்படியே இருக்கும். அந்தப் பொருள் ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை.

அந்தக் காலத்தில்தான் நான் அத்தையைக் கடைசியாகப் பார்க்கப் போனேன். என்னோடு படிப்பிக்கும் ஒருவருடைய தம்பி கனடாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்த கியூபாச் சுருட்டு ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தேன். முழுச் சுருட்டு. ஒருவரும் வாய் வைக்காதது. கண்ணாடிக் குழாய்க்குள் மோதிரப் பட்டையோடு இருந்தது. பஸ் குலுங்கிய குலுங்கலில் அது உடைந்துவிடுமோ என்று சட்டைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு போனேன்.

அத்தை மெலிந்திருந்தார். விறாந்தைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். குழாயைக் கையில் வாங்கி, திறந்து, மூக்கில் வைத்து, கண்ணை மூடினார். எனக்குப் பெருமையாக இருந்தது. நுனியைப் பல்லால் கடித்து எடுத்து, தீக்குச்சி கிழித்து, ஒரு இழுப்பு இழுத்தார். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு இழுப்பு. பிறகு அதைத் திண்ணையின் கல்விளிம்பில், நெருப்பு வெளிப்பக்கமாக இருக்கும்படி வைத்தார். உள்ளே போய் ஒரு அட்டைத் துண்டை எடுத்து வந்தார். அடுப்பை விசிறுவது போல அதை விசிறத் தொடங்கினார்.

"என்ன செய்றீங்க அத்தை?"

"முன்பக்கம் ரொம்ப லேசா இருக்கு மருமகனே. இது எரிஞ்சு போகட்டும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லை அவர் குறையாகச் சொல்லிக் கேட்டேன். நான் கொண்டுவந்த சுருட்டு காற்றுக்கு எரிந்தது. காப்பிக்கொட்டை வாசம் லயத்து வாசல்களில் எல்லாம் போயிற்று. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். நெருப்பு மங்கினால் அத்தை குனிந்து ஊதினார். சாம்பல் வெள்ளையாக நீண்டு நீண்டு விழுந்தது. நான் பள்ளிக்கூடத்துச் செய்தி, மகளின் பரீட்சை என்று எதையெதையோ சொன்னேன். தலையாட்டினார். கண் நெருப்பில்தான் இருந்தது. விரலளவு மிச்சம் வந்ததும் செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து நெருப்பைக் கிள்ளி அணைத்தார். ஆறவிட்டார். கையில் எடுத்து மோந்து பார்த்தார். மறுபடி பற்றவைத்தார்.

அப்போதுதான் தோள் இறங்கியது.

அதற்கு அடுத்த வருடம் இறந்துபோனார். நெஞ்சு லேசாகப் பிடித்த மாதிரி இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் படுத்தாராம்.

மகளை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அவளே அந்த வேப்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட இருந்த பெண் புதினா வாசத்தில் ஒன்று கொடுத்தாளாம். பிறகு மாம்பழம். மாம்பழம் நாக்குக்குப் பழகி ஒன்றும் தெரியாமல் போனதும் காரம் கூடியது. இப்போதிருப்பதில் வாசமே கிடையாது. மாம்பழம் என்று வார்டில் சொன்னது எனக்காகச் சொன்னதாம்.

"ஒரேயடியா விட முடியலப்பா. நீங்களே பூட்டி வைங்க. சாயங்காலம் ஒரு தடவ மட்டும் குடுங்க. கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சுறேன்."

டொக்டர் சொன்னது வேறு. ஆனால் அவள் என்னிடம் கேட்கிறாள், ஒளிக்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. அலுமாரியில் பூட்டிச் சாவியைச் சட்டைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மாலையில் எடுத்துக் கொடுப்பேன். ஜன்னலோரம் நின்று இழுத்துவிட்டுத் திருப்பித் தருவாள். எல்லாம் என் கைக்குள் இருக்கிறது என்ற ஓர் எண்ணம். மனைவியிடம் போனில், பிள்ளை தேறிவிட்டாள், முன்னைவிடப் பொறுப்பாக இருக்கிறாள் என்றுகூடச் சொன்னேன். உண்மைதான். நான் வரும்போது வீடு கூட்டியிருக்கும். இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் ஆவி பறக்க இருக்கும். சட்டைகள் அயர்ன் பண்ணித் தொங்கும். மாணவர்களின் விடைத்தாள்கள்கூட வகுப்பு வகுப்பாக அடுக்கியிருக்கும். ஒன்றும் நான் சொல்லிச் செய்தது இல்லை. நான் சொல்லாமல் இருந்ததுதான் சொன்னதாகிவிட்டதோ என்று இப்போது தோன்றுகிறது.

போன வாரம் கூட்டம் ஒன்று முடிந்து தாமதமாக வந்தேன். ஜன்னல் சீலைகளைக் கழற்றித் துவைத்துப் போட்டிருந்தாள். என் சப்பாத்துகள் பளபளத்தன. அவள் என் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஈரமில்லாத கைகளைச் சட்டையில் துடைத்தாள். தரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். அலுமாரியை மட்டும் பார்க்கவில்லை. என் கை பொக்கெட்டுக்குள் சாவியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வேப்பை எடுத்தேன். அதையும் சாவியையும் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

"இனிமே எங்கிட்ட கேக்காத. ஒனக்கு வேணுன்னா எடு."

"கோவமாப்பா?"

"கோவமில்ல. நான் மேனேஜர் வேல பாக்க மாட்டேன்."

"எந்த மேனேஜரு?"

உட்காரச் சொன்னேன். கங்காணியிலிருந்து தொடங்கினேன். அந்த இடத்தில் சிரித்தாள், சிரிப்பு இருமலானது. பெட்டி, பஞ்சு, பால்மா டின், பஸ் ஸ்டாண்ட் எல்லாம் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் தான் அழுதது ஞாபகம் இருக்கிறது என்றாள். அப்பாயிக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாளாம். நடுவில் ஒருமுறை அவள் கை மேசையில் நகர்ந்து, தேநீர்க் கோப்பையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. நான் பார்க்காததுபோல் சொல்லிக்கொண்டே போனேன்.

இதை எழுதும்போதும் அது அந்த மேசையில்தான் கிடக்கிறது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கும்போது எடுக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. வந்ததும் முதலில் என் கண் அங்கேதான் போகிறது. கிடக்கும் கோணத்தைப் பார்க்கிறேன். எறிந்துவிட்டால் எல்லவில் இன்னொன்று கிடைக்கும். பூட்டினால் சாவி என்னிடம் வந்துவிடும். அவளும் நானும் அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறோம். நேற்று வீடு கூட்டாமல் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அன்று கதை முழுவதையும் கேட்டுவிட்டு மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த முன்பக்கம் எரிஞ்சு முடியிற வரைக்கும் அப்பாயி சும்மா பாத்துக்கிட்டா இருந்தாங்க?"

"சும்மா இல்ல," என்றேன். "விசிறிக்கிட்டே இருந்தாங்க."